மூன்று பென்சிலும் ஒரு டைனோசரும்!

இந்த வாரம் நாம் ஒரு புது விளையாட்டு ஆடப் போகிறோம். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளும் மூன்று பென்சில்களும் இருந்தால் போதும்.

விளையாட்டின் பெயர் 'ஆதிகாலப் பூங்கா'. இதில் நீங்கள்தான் பூங்காவின் முதலாளி. வேலி போடுவது, மரம் நடுவது, தண்ணீர்த் தொட்டி கட்டுவது, டிக்கெட் கொடுப்பது எல்லாமே உங்கள் பொறுப்பு. பூங்கா எங்கே இருக்கிறது தெரியுமா? அரசலாறு கடலில் கலக்கும் காரைக்காலில்! மாங்கனித் திருவிழாவுக்கு வரும் கூட்டம் அப்படியே நம் பூங்காவுக்கும் வர வேண்டாமா?

கூட்டம் வர வேண்டுமென்றால் பூங்காவில் ஒரு பயங்கரமான மிருகம் இருக்க வேண்டும். பெரிய உடம்பு, பெரிய வாய், இறைச்சி தின்னும் டைனோசர்! அதை வடிவமைப்பதுதான் இன்றைய வேலை.

"இது என்ன பெரிய வேலை? டி. ரெக்ஸை வரைந்தால் போச்சு!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. டி. ரெக்ஸ் வாழ்ந்தது வட அமெரிக்காவில். அதற்கு எத்தனையோ சினிமா இருக்கிறது, எத்தனையோ பொம்மை இருக்கிறது. நம் நாட்டிலேயே ஒரு டைனோசர் ராஜா இருந்தது. அதன் பெயரிலேயே 'ராஜா' இருக்கிறது. அதுதான் ராஜசாரஸ்!

மூன்று நிறம், மூன்று விதி

முதலில் பென்சில்களை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, நீலம், சிவப்பு.

எலும்பு உண்மையிலேயே கிடைத்த பாகத்தைக் கறுப்புப் பென்சிலால் வரைய வேண்டும்.

எலும்பு கிடைக்கவில்லை, ஆனால் அதன் சொந்தக்கார டைனோசர்களைப் பார்த்து 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று சொல்ல முடிந்தால் நீலப் பென்சில்.

யாருக்கும் தெரியாது, நாமாகக் கற்பனை செய்கிறோம் என்றால் சிவப்புப் பென்சில்.

நிறத்தை மாற்றி ஏமாற்றக் கூடாது. இந்த விளையாட்டில் அது ஒன்றுதான் தப்பாட்டம்!

எலும்பு எங்கே கிடைத்தது?

குஜராத் மாநிலத்தில் பாலாசினோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரய்யோலி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே சிமெண்ட் தயாரிக்கச் சுண்ணாம்புக்கல் வெட்டுவார்கள். 1981-ல் அந்தப் பகுதிக்கு வந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரிடம் குவாரித் தொழிலாளர்கள் உருண்டையான சில கற்களைக் காட்டினார்கள். அவை கல் அல்ல, கல்லாக மாறிய டைனோசர் முட்டைகள்!

முட்டை இருந்தால் எலும்பும் இருக்கும் அல்லவா? 1982 முதல் 1984 வரை சுரேஷ் ஸ்ரீவஸ்தவா என்ற புவியியலாளர் அங்கே தோண்டினார். நிறைய எலும்புகள் கிடைத்தன. அவர் எலும்புகளை எடுத்து மூட்டை கட்டியதோடு நிற்கவில்லை. எந்த எலும்பு எந்த இடத்தில், எந்த எலும்புக்குப் பக்கத்தில் கிடந்தது என்று ஒரு வரைபடம் போட்டு வைத்தார்.

அந்த எலும்புகள் பல ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பிறகு அமெரிக்காவைச் சேர்ந்த ஜெஃப்ரி வில்சன், பால் செரினோ ஆகியோர் இந்திய விஞ்ஞானிகளோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்தார்கள். ஸ்ரீவஸ்தவா போட்ட வரைபடம் அப்போது கை கொடுத்தது. எந்தெந்த எலும்புகள் ஒரே மிருகத்தைச் சேர்ந்தவை என்று அதை வைத்துத்தான் பிரித்தார்கள். 2003-ல் உலகத்துக்கு ஒரு புதிய பெயர் கிடைத்தது. ராஜசாரஸ் நர்மதென்சிஸ்! 'நர்மதைப் பகுதியின் ராஜா பல்லி' என்று பொருள்.

பார்த்தீர்களா? தோண்டியவர் ஒழுங்காகக் குறிப்பு எடுத்ததால், ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ராஜா எழுந்து நின்றது! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

சரி, கறுப்புப் பென்சிலை எடுங்கள். மண்டையோட்டில் மூளையைச் சூழ்ந்த பகுதி, முதுகெலும்புகள், இடுப்பு எலும்புகள், பின்னங்கால் எலும்புகள், வால் எலும்புகள் சில. இவைதான் கிடைத்தவை. இவற்றைக் கறுப்பில் வரையுங்கள்.

எவ்வளவு பெரியது?

பூங்காவில் வேலி போட வேண்டுமே, அளவு தெரிய வேண்டாமா? ராஜசாரஸ் சுமார் 9 மீட்டர் நீளம் இருக்கலாம் என்று 2003-ல் சொன்னார்கள். பிறகு சிலர் 11 மீட்டர் என்றார்கள். 2016-ல் இந்த வகை டைனோசர்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, சுமார் 6.6 மீட்டர் என்று கணக்கிட்டது.

ஒரே டைனோசருக்கு மூன்று அளவா? ஆமாம்! முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லையே. கிடைத்த எலும்புகளைச் சொந்தக்கார டைனோசர்களின் எலும்போடு ஒப்பிட்டுத்தான் அளவு சொல்கிறார்கள். புதிய எலும்பு கிடைத்தாலோ, கணக்குப் போடும் முறை மாறினாலோ அளவும் மாறும். எனவே நீளத்தை நீலப் பென்சிலால் எழுதுங்கள்.

6.6 மீட்டர் என்பது சின்ன அளவு என்று நினைக்காதீர்கள். வாசலில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு அளந்து பாருங்கள். உங்கள் வகுப்பு மாணவர்கள் ஐந்து பேர் தலைக்கும் காலுக்கும் இடைவெளி இல்லாமல் வரிசையாகப் படுத்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டார்கள்!

தலையில் ஒரு கொம்பு

ராஜா என்றால் கிரீடம் வேண்டாமா? ராஜசாரஸுக்கு இருந்தது. மூக்கு எலும்பும் நெற்றி எலும்பும் சேர்ந்து தலையின் நடுவில் குட்டையாக, உருண்டையாக ஒரு கொம்பு! மாட்டுக் கொம்பு போல நீளமாக வரைந்து விடாதீர்கள். ஒரு சிறிய மேடு போல வரைந்தால் போதும். இது கறுப்புப் பென்சில், ஏனென்றால் எலும்பு கிடைத்திருக்கிறது.

அந்தக் கொம்பால் என்ன செய்தது? இன்னொரு ராஜசாரஸோடு முட்டி மோதியதா? பெண் டைனோசரிடம் அழகு காட்டியதா? எலும்பு அதைச் சொல்லாது. உங்கள் விளையாட்டில் எதை வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் சிவப்புப் பென்சில்!

வாயும் பல்லும் எப்படி இருக்கும்? இங்கேதான் சொந்தக்காரர்கள் உதவிக்கு வருகிறார்கள். ராஜசாரஸின் நெருங்கிய உறவினர் மடகாஸ்கர் தீவில் இருந்தது. அதன் பெயர் மஜுங்கசாரஸ். இன்னோர் உறவினர் அர்ஜென்டினாவில். அதன் பெயர் கார்னோடாரஸ். இந்தக் குடும்பத்துக்கு முகம் குட்டை, உயரம் அதிகம், கழுத்து நல்ல பலம். நீலப் பென்சிலால் அப்படியே வரையுங்கள்.

இந்தியாவுக்கும் மடகாஸ்கருக்கும் எப்படி உறவு வந்தது? இரண்டும் முன்பு ஒட்டியிருந்த நிலங்கள். சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா மடகாஸ்கரைப் பிரிந்து, தனியாக வடக்கு நோக்கி மெதுவாக நகர ஆரம்பித்தது. ராஜசாரஸ் வாழ்ந்தது சுமார் 6 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது இமயமலையே கிடையாது! நம் நாடு கடலுக்கு நடுவே மிதக்கும் கப்பல் போல இருந்தது. அந்தக் கப்பலில் ஏறிய பயணிகளில் ஒன்றுதான் நம் ராஜா.

கை எங்கே?

இப்போது கை வரைய வேண்டும். ஒரு சிக்கல்! ராஜசாரஸின் கை எலும்பு கிடைக்கவே இல்லை. மஜுங்கசாரஸுக்கும் கார்னோடாரஸுக்கும் கை மிகக் குட்டை. டி. ரெக்ஸின் கையைப் பார்த்துச் சிரிப்பீர்களே, அதைவிடக் குட்டை! எனவே ராஜசாரஸுக்கும் சுண்டு விரல் போல ஒரு கை, நீலப் பென்சிலில்.

கை இப்படி இருந்தால் இரையை எப்படிப் பிடிக்கும்? வாயால்தான்! பலமான கழுத்து எதற்கு இருக்கிறது? பின்னங்கால்களும் தடித்தவை, உறுதியானவை.

தோல் எப்படி? சில டைனோசர்களுக்கு இறகு இருந்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் கார்னோடாரஸின் தோல் பதிந்த பாறை கிடைத்திருக்கிறது. அதில் இறகு இல்லை. உடும்பு, முதலை போலச் செதில்தான். ஆகவே நம் ராஜாவுக்கும் செதில், நீலப் பென்சில்.

நிறம்? பச்சையா, பழுப்பா, புலி போல வரியா? இப்போது முழுச் சுதந்திரம் உங்களுக்கு! சிவப்புப் பென்சிலால் என்ன வேண்டுமானாலும் தீட்டுங்கள்.

ராஜாவுக்குச் சாப்பாடு

பூங்காவில் ராஜா மட்டும் இருந்தால் போதுமா? சாப்பாடு வேண்டாமா? ராஜசாரஸ் காலத்தில் நம் நாட்டில் நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் உள்ள தாவர உண்ணி டைனோசர்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் ஐசிசாரஸ். கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது!

அந்தத் தாவர உண்ணிகள் என்ன தின்றன? இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். சாணத்தை ஆராய்ந்து! மகாராஷ்டிர மாநிலத்தில் பிஸ்துரா என்ற ஊரில் கல்லாக மாறிய டைனோசர் சாணம் கிடைத்தது. விஞ்ஞானி வந்தனா பிரசாத் குழுவினர் அதைப் பொடித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உள்ளே புல்லின் நுண்துகள்கள்! 2005-ல் இந்தச் செய்தி வெளியானது. டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள்.

அந்தத் துகள் எதனால் ஆனது? மணலில் இருக்கும் அதே சிலிக்காவால் ஆனது. வயல் வரப்பில் நடக்கும்போது நெல் தாள் காலைக் கீறுமே, அதற்குக் காரணமும் இந்தச் சிலிக்காதான்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். 2011-ல் அதே குழுவினர் அந்தத் துகள்களில் நெல்லின் பழைய சொந்தக்காரப் புற்களையும் அடையாளம் கண்டதாக அறிவித்தார்கள். காரைக்காலைச் சுற்றித் திருநள்ளாறு வரை எங்கே பார்த்தாலும் நெல்வயல்தானே? அந்த நெல்லின் பாட்டனுக்குப் பாட்டனை டைனோசர்கள் மேய்ந்திருக்கின்றன! எனவே உங்கள் பூங்காவில் தைரியமாகப் புல் நடலாம்.

முட்டைக்கும் காவல் போட மறக்காதீர்கள். குஜராத்தில் டோலி டுங்ரி என்ற இடத்தில், ஒரு டைனோசர் கூட்டில் முட்டைகளுக்கும் அப்போதுதான் பொரித்த குஞ்சுக்கும் பக்கத்தில் சுருண்டு கிடந்த பாம்பின் எலும்புக்கூடு கிடைத்தது. மூன்றரை மீட்டர் நீளம்! சனாஜே என்று 2010-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். குஞ்சைத் தின்ன வந்த இடத்தில் மண் சரிந்து எல்லாமே புதைந்திருக்கலாம் என்கிறார்கள்.

இரண்டு ராஜசாரஸ்களை ஒரே வேலிக்குள் விடலாமா? யோசித்துச் செய்யுங்கள். மடகாஸ்கரில் கிடைத்த மஜுங்கசாரஸ் எலும்புகள் சிலவற்றில் இன்னொரு மஜுங்கசாரஸின் பல் பதிந்திருக்கிறது. தன் இனத்தையே தின்றிருக்கிறது!

நம்ம ஊருக்கு வருவோம்

"குஜராத், மகாராஷ்டிரம் என்றே சொல்கிறீர்களே. நம் பக்கம் ஒன்றும் இல்லையா?" என்று கேட்கிறீர்களா? இருக்கிறது! காரைக்காலிலிருந்து நேர்கோட்டில் சுமார் 85 கிலோமீட்டர் மேற்கே போனால் அரியலூர் வரும்.

டைனோசர் காலத்தில் அரியலூரே கடல்! அதனால்தான் அங்கே சுண்ணாம்புக்கல் அதிகம், சிமெண்ட் ஆலைகளும் அதிகம். சுருள் சுருளான அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடுகள் அங்கே ஏராளம். அப்படியானால் காரைக்கால்? அதுவும் கடல்தான். உங்கள் பூங்காவை அந்தக் காலத்தில் கட்டியிருந்தால் ராஜசாரஸ் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்!

அரியலூரில் தரைமேல் தெரியும் அந்தக் காலத்துப் பாறைகள் கிழக்கே வர வர மண்ணுக்கு அடியில் இறங்கிக்கொண்டே போகின்றன. காரைக்கால் பக்கம் அவை மிக மிக ஆழத்தில் இருக்கின்றன. காவிரி கொண்டுவந்த வண்டலும் அதற்கு முந்தைய கடல் படிவுகளும் அவற்றின்மேல் போர்வை போல மூடிக் கிடக்கின்றன. அந்தப் போர்வையில் ஓர் அடுக்குக்கு 'காரைக்கால் களிப்பாறை' என்றே புவியியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். டைனோசர்கள் மறைந்த பிறகு படிந்த அடுக்கு அது. நிரவியில் ஓ.என்.ஜி.சி. அலுவலகத்தைப் பார்த்திருப்பீர்களே? எண்ணெய் தேடி அவர்கள் ஆழ்துளை போடுவது இந்த அடுக்குகளுக்குள்தான்.

கடல் பின்வாங்கி நிலமான பிறகு, டைனோசர் காலத்தின் கடைசியில், அரியலூர் பக்கம் ஆறுகள் ஓடின. அந்த ஆற்றுப் படிவுகள் கல்லமேடு என்ற ஊரில் இருக்கின்றன. அங்கேதான் ஒரு பெரிய கதை நடந்தது.

கல்லமேட்டு ராட்சசன்

கல்லமேட்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினருக்குச் சில பிரம்மாண்டமான எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் அதைப் பற்றி 1987-ல் கட்டுரை எழுதினார்கள். பெயர் பிருகத்காயசாரஸ். 'மாபெரும் உடல் கொண்ட பல்லி' என்று அர்த்தம்.

அதன் கீழ்க்கால் எலும்பின் நீளம் எவ்வளவு தெரியுமா? 2 மீட்டர்! உங்கள் வீட்டு வாசற்கதவின் உயரம். கால் முழுவதும் அல்ல, முழங்காலுக்குக் கீழே உள்ள ஓர் எலும்பு மட்டும்!

அந்தக் கட்டுரையில் இது இறைச்சி தின்னும் டைனோசர் என்று எழுதப்பட்டது. அடேயப்பா! நம் பூங்காவுக்கு இதைவிடப் பெரிய வேட்டைக்காரன் கிடைக்குமா? ராஜசாரஸை அழித்துவிட்டு இதை வரைந்து விடலாமா?

பொறுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டி. ரெக்ஸின் கீழ்க்கால் எலும்பு ஒன்றேகால் மீட்டரைக்கூட எட்டாது. அதன் நீளம் சுமார் 12 மீட்டர், எடை சுமார் 8 டன். கல்லமேட்டு எலும்பு அதைவிட ஒன்றே முக்கால் மடங்கு பெரியது. இதுவும் டி. ரெக்ஸ் போன்ற உருவம் என்றால் உடல் நீளம் 21 மீட்டர் ஆகிவிடும். எடை? அதுவும் ஒன்றே முக்கால் மடங்கு என்று நினைத்தால் தப்பு! நீளம், அகலம், உயரம் மூன்றும் அல்லவா பெருகுகிறது? 1.75 x 1.75 x 1.75 என்று பெருக்கிப் பாருங்கள். ஐந்து மடங்குக்கும் மேல் வருகிறது. அதாவது 40 டன்னுக்கு மேல்! ஆனால் கால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு கூடும்? 1.75 x 1.75 தான். மூன்று மடங்கு. ஐந்து மடங்கு எடையை மூன்று மடங்கு குறுக்குவெட்டுப் பரப்புள்ள எலும்பு, அதுவும் இரண்டே கால், ஓடித் தாவித் தாங்குமா?

விஞ்ஞானிகளுக்கும் சந்தேகம் வந்தது. இது வேட்டைக்காரன் அல்ல, நான்கு காலில் நடக்கும் நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று 1990-களில் மாற்றிச் சொன்னார்கள். இன்று எல்லோரும் ஏற்றுக்கொள்வது அதைத்தான். பூமியில் நடந்த மிருகங்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக அது இருக்கலாம். 2023-ல் வந்த ஒரு கணக்கு, அதன் எடை 110 டன்னுக்கு மேல் இருக்கலாம் என்கிறது.

"அப்படியானால் எலும்பை எடுத்துத் திரும்ப ஒருமுறை அளந்து பார்த்தால் தெரிந்துவிடுமே?" சரியான கேள்வி! ஆனால் அந்த எலும்பு இப்போது இல்லை.

ஆமாம் குட்டீஸ், இல்லை. கல்லமேட்டு எலும்புகள் மிகவும் மக்கிப்போன நிலையில் இருந்தன. சாந்துக்கட்டுப் போட்டும் உள்ளேயே உதிர ஆரம்பித்தன. அவை முழுவதும் அழிந்துவிட்டன என்று 2017-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னது. எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள் சில 2022-ல் வெளியாயின. கையில் இருப்பது அவையும் கட்டுரையில் உள்ள படங்களும்தான்.

உலகத்தின் மிகப் பெரிய டைனோசர் நம் அரியலூர்க்காரராக இருந்திருக்கலாம். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல நம்மிடம் சாட்சி இல்லை. கறுப்புப் பென்சிலால் வரைந்த கோடு கண்ணெதிரே அழிந்துபோன கதை இது.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. 1828-ல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ராணுவ அதிகாரிக்கு டைனோசர் எலும்புகள் கிடைத்தன. இந்தியாவில் கிடைத்த முதல் டைனோசர் எலும்புகள் அவை. 1877-ல் அதற்கு டைட்டனோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்த எலும்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. 2012-ல் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் சேமிப்பிலேயே அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது! பத்திரமாக வைத்த பொருள் என்றாவது ஒருநாள் கிடைத்துவிடும்.

நம்மால் என்ன முடியும்?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் உங்களுக்கு மாமா வீடோ அத்தை வீடோ இருக்கலாம். லீவுக்குப் போகும்போது ஓடையிலோ வயலிலோ விசித்திரமான கல் கண்ணில் படலாம். உடனே உடைக்காதீர்கள், பையில் போட்டுக்கொண்டும் வராதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்கள். இடம், நாள் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் அருங்காட்சியகத்துக்கோ புவியியல் ஆய்வுத் துறைக்கோ தகவல் கொடுப்பார். ஸ்ரீவஸ்தவா வரைபடம் போட்டாரே, அதே வேலையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்!

அவசரப்பட்டு ஊரெல்லாம் சொல்லவும் வேண்டாம். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை!' என்று செய்தி பறந்தது. கூட்டம் கூடிவிட்டது. வந்து பார்த்த ஆய்வாளர்கள், அவை முட்டை அல்ல, பழைய கடலில் உருண்டு திரண்ட படிவுகள், அம்மோனைட்டும் இருக்கிறது என்று விளக்கினார்கள். சிவப்புப் பென்சிலை எடுக்க வேண்டிய இடத்தில் கறுப்பை எடுத்ததால் வந்த வினை!

அதே கல்லமேட்டில் இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. ட்ரூடான்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய சிறிய டைனோசர் வகையின் ஒரே ஒரு பல். 2013-ல் அறிவித்தார்கள். மண்ணைச் சலித்துத் தேடியவர்களுக்குக் கிடைத்த பரிசு அது. எனவே ராட்சசன் போய்விட்டான் என்று கவலைப்படாதீர்கள். கல்லமேடு இன்னும் இருக்கிறது!

கூண்டுக்கு ஒரு பலகை

படம் முடிந்ததா? இப்போது தள்ளி நின்று பாருங்கள். கறுப்பு கொஞ்சம்தான் இருக்கும். நீலம் அதைவிட அதிகம். சிவப்பும் நிறைய. வெட்கப்படாதீர்கள். சினிமாவில் ஓடுகிற டைனோசர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் மூன்று நிறத்தையும் கலந்து பூசிவிடுகிறார்கள், நீங்கள் பிரித்துக் காட்டுகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக வேலியில் ஒரு பலகை மாட்டுங்கள். அதில் இப்படி எழுதுங்கள்:

பெயர்: ராஜசாரஸ்.
ஊர்: ரய்யோலி, குஜராத்.
காலம்: சுமார் 6 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.
எலும்பு கிடைத்தவை: கொம்புள்ள மண்டையின் பின்பாகம், முதுகு, இடுப்பு, பின்னங்கால், வால்.
சொந்தக்காரரைப் பார்த்து வரைந்தவை: முகம், பல், கை, தோல், நீளம்.
நான் கற்பனை செய்தவை: நிறம், குரல், குணம்.

பக்கத்து வேலியை மட்டும் காலியாக விட்டுவையுங்கள். அந்தப் பலகையில் 'கல்லமேடு' என்று எழுதி, கீழே இடம் விடுங்கள். நாளைக்கு யாராவது ஒருவர் அங்கே ஓர் எலும்பைக் கண்டெடுத்து, பத்திரமாக வைத்து, கறுப்புப் பென்சிலால் அதை நிரப்பட்டும். அது நீங்களாகவும் இருக்கலாம், யார் கண்டது?

தெரிந்துகொள்ளுங்கள்

* ரய்யோலியில் டைனோசர் அருங்காட்சியகம் 2019-ல் திறக்கப்பட்டது.

* பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் டைனோசர் காலத்து மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர்! புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதைக் கண்டறிந்தார்.

* அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மோனைட்டுகளை அங்கே பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள ஒன்பது கனசதுரக் கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தனியே வையுங்கள். மீதி எட்டையும் அடுக்கி, இரு மடங்கு நீளம், இரு மடங்கு அகலம், இரு மடங்கு உயரமுள்ள பெரிய கட்டை ஒன்று செய்யுங்கள். எடை எட்டு மடங்கு. ஆனால் அது தரையைத் தொடும் இடம்? நான்கு கட்டைகள்தான்! பெரிய மிருகங்களுக்குக் கால் ஏன் தூண் போல இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?